ஓபீரின் தகப்பன் வீடு

வந்தவள் கதிரையின் நுனியில்தான் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள். உள்ளே ஏதோ குருவி இருக்கிறது, கையை எடுத்தால் பறந்துவிடும் என்பதுபோல.

“நான் சுவேதினி. பேசாலை. முருங்கன் ஆசுப்பத்திரியில நேர்சா இருக்கிறன்,” என்றாள். “அப்பாவைக் காணேல்லை, அக்கா. முந்தநாள் காலமை வீட்டை விட்டுப் போனவர்.”

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நசீறாவின் கந்தோர். வாசலில் ‘தகவல் நிலையம்’ என்று ஒரு பலகை. என்ன தகவல் என்று அதில் இல்லை. வீட்டில் ஆளைக் காணாதவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். பொலிசுக்குப் போய், அரசாங்கக் கச்சேரிக்குப் போய், சாத்திரம் கேட்டு, நேர்த்தி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு அந்தப் படிகளில் ஏறுவார்கள். தேடிக் களைத்தவர்கள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார்கள். இந்தப் பெண் ஒரே மூச்சில் ஏறி வந்திருந்தாள். இளம் வயது, நேர்ஸ் வேலை, ஓடித் திரிந்து பழகிய கால் என்று நசீறா நினைத்துக்கொண்டாள்.

“அப்பாவின்ர பேர்?”

“அம்புறோஸ். காணி அளக்கிற சேவையரா இருந்து பென்சன் எடுத்தவர்.”

“ஆர், ஓபீர் அம்புறோசோ?” என்று வாசலில் சாய்ந்து நின்ற றொட்னி கேட்டான்.

றொட்னி வங்காலை ஆள். ஓட்டோ ஓட்டுவது தொழில். நசீறாவோடு சேர்ந்து துப்புத் தேடித் திரிவது தொழில் இல்லை, ஒரு வருத்தம், மருந்து இல்லாத வருத்தம் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனுடைய ஓட்டோவின் பின்பக்கத்தில் மன்னார்க் கழுதை ஒன்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கும். படத்துக்குக் கீழே ‘அவசரமெண்டா இறங்கி நட’ என்று எழுதியிருக்கும்.

ஓபீர் அம்புறோசைத் தெரியாதவர்கள் மாவட்டத்தில் குறைவு. நாற்பது வருடமாக அவர் சொல்லிவந்தது ஒரே கதை. சாலமோன் அரசனுக்குக் கப்பல் கப்பலாகப் பொன்னும் மயிலும் யானைத் தந்தமும் போன ஓபீர் தேசம் வேறெங்கும் இல்லை, முத்துக் குளித்த இந்த மன்னார்க் கரைதான். நோவாவின் வம்சத்தில் வந்த யோக்தானின் பிள்ளை ஓபீர். அவன் இறங்கிக் குடியிருந்த மண்ணுக்கு அவனுடைய பெயரே வந்தது. கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார்.

“பொலிஸ் என்ன சொல்லுது?” என்றாள் நசீறா.

“பெரிய மனுசன், வந்திருவார் எண்டு. அவருக்குச் சீனி வருத்தம், அக்கா. ஊசி போடாட்டித் தாங்க மாட்டார். கையில இருந்ததும் முடிஞ்சிருக்கும்.” அவள் பையைத் திறந்து கைலேஞ்சியில் சுற்றிய ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள். “கண்டால் இதைக் குடுத்திருங்கோ.”

நசீறா வாங்கினாள். அப்போதுதான் இட்ட முட்டைபோல அது இளஞ்சூடாக இருந்தது. அவளுடைய மனதில் ஏதோ ஒன்று தட்டியது. என்ன என்று பிடிபடுவதற்குள் அந்தப் பெண் போனை மேசையில் வைத்தாள்.

“நேத்து இந்தக் குரல் பதிவு வந்தது. அதுக்குப் பிறகு அவற்ற போன் வேலை செய்யேல்லை.”

திரையில் ‘அப்பா’ என்றிருந்தது. அழுத்தினாள். கரகரத்த குரல், பின்னால் காற்றின் இரைச்சல்.

“மகள், நான் ஓபீரின்ர தகப்பன் வீட்டில நிக்கிறன். சுகமா இருக்கிறன்…”

அவளுடைய பெருவிரல் திரையில் விழுந்தது. குரல் நின்றது. ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு பாதி வழியில் நின்றதை நசீறா கண்டாள். அழுகை வருகிறதாக்கும் என்று எண்ணினாள்.

“ஓபீரின்ர தகப்பனோ!” றொட்னி தன்னுடைய போனில் விவிலியத்தைத் தட்டினான். “யோக்தான். பதின்மூண்டு ஆம்பிளைப் பிள்ளையள். குடும்ப அட்டையில எழுத இடம் காணாது. இந்த மனுசன்ர வீட்டில போய் நிண்டால் சாப்பாடும் கிடைக்காதே!”

“நானும் தேடிப் பாத்திட்டன்,” என்றாள் அந்தப் பெண். “ஓப்பீரின்ட தகப்பன் யோக்தான். ஆனா யோக்தான் எண்டு பேர் வச்ச ஒரு மனுசரும் மன்னாரில இல்லை. கடை இல்லை, வள்ளம் இல்லை, தெரு இல்லை. உங்களுக்கு ஏதும் விளங்குதோ, அக்கா?”

நசீறாவுக்கு விளங்கியது. முப்பத்தைந்து வருடமாக அவள் வாயால் சொல்லாத ஒரு பெயர், எழும்பி வந்து நாக்கின் அடியில் நின்றது. அந்தப் பெயரைச் சொல்லவேண்டி வரும் என்பதற்காகவே அவள் ஊர்க்கதை கதைப்பதை விட்டிருந்தாள்.

“பாப்பம்,” என்று மட்டும் சொன்னாள்.

“எங்க போகப் போறியள்? நானும் வரட்டோ?”

“வேண்டாம், தங்கச்சி. கண்டதும் அறிவிப்பம்.”

“நீங்கள் யோசியாதேங்கோ,” என்றான் றொட்னி பெரிய மனதோடு. “ஓட்டோ எங்க போகுதெண்டு உங்கட போனிலயே ஓடும். இந்தா, அனுப்பிட்டன். வீட்டில இருந்து படம் பாக்கிற மாதிரிப் பாக்கலாம்.”

அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

*

தள்ளாடிச் சந்தியைக் கடந்ததும் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து ஓட்டோவைத் தள்ளியது. வானம் மண் நிறத்தில் இருந்தது. ஒரு மயில் குறுக்கே ஓடி, தோகையை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது.

“மயில் இண்டைக்கும் நிக்குது. சாலமோனின்ர கப்பலைத்தான் காணேல்லை,” என்றான் றொட்னி. “சரி அக்கா, இப்பவாவது சொல்லுங்கோ. எந்த வீடு?”

“கொண்டச்சி.”

“உங்கட ஊர்.”

“ஓம்.”

அவன் கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அந்த ஊருக்கு ஓட்டம் கேட்டு அவள் ஒருநாளும் ஏறியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்க அவனால் முடியாது. “யோக்தான் எண்ட வேதக்காரர் கொண்டச்சியில என்ன செய்யிறார்?”

“பைபிளில யோக்தான் எண்டு இருக்கிற ஆளைத்தான் அரபிகள் கஹ்தான் எண்டு சொல்லுறது. அரபிகளின்ர மூதாதை. எங்கட ஊரில பழைய ஆக்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். முனவ்வர் நானாவின்ர வாப்பா முத்து வியாபாரத்துக்கு வந்த அரபி வம்சம் எண்டு சொல்லுவார். அவர் ஒரு ஐஸ் பெக்டரி போட்டவர். அதுக்கு வச்ச பேர் கஹ்தான்.”

“அப்ப பலகையைப் பாத்து ஆரும் கண்டுபிடிச்சிருப்பினமே?”

“பலகை தொண்ணூறிலயே போயிட்டுது. இப்ப அது பழைய ஐஸ் வாடி. பேர் தெரிஞ்ச ஆக்கள் அண்டைக்கு அங்க இருந்த ஆக்கள் மட்டும்தான்.”

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நசீறாவுக்குப் பதினொரு வயது. உழவு இயந்திரப் பெட்டியில் உம்மாவின் மடியில் இருந்தாள். அவளுடைய நானா, அண்ணன் பவ்ஸான், ஐஸ் பெக்டரியில் வேலை. ‘நீங்க முன்னால போங்க. நான் பூட்டிட்டு வாறன்’ என்றவன் வரவில்லை. பெட்டியில் இருந்த ஒருவரும் திருப்பச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் திருப்பியிருப்பார்களோ தெரியாது. புத்தளத்து முகாமில் உம்மா ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்பி வாசலுக்குப் போனாள். மௌத்தாகிக் கண் மூடும்வரை போனாள். காணாமல் போனவர்களைத் தேடும் தொழில் நசீறாவுக்கு அந்த வாசலில்தான் பழகியது.

அவள் இதில் பாதியைத்தான் சொன்னாள். றொட்னி கொஞ்சத் தூரம் பகிடி விடாமல் ஓட்டினான். அவனுக்கு அதுவே பெரிய மரியாதை.

அரிப்புச் சந்தியில் புதிதாக ஒரு பெரிய விளம்பரப் பலகை நின்றது. நீலக் கடல், பொன் நிறக் கப்பல், மேகத்துக்குள் தாடி வைத்த ஒரு பெரியவர்.

‘கொண்டச்சிக் கரையில் பழம்பெரும் ஓப்பீர் நகரம். மூவாயிரம் ஆண்டுக் கல்வெட்டைக் காண வாருங்கள். திறப்பு விழா ஞாயிறு. அழைப்பது: சிங்கராசா.’

“பாருங்கோ கூத்தை!” றொட்னி வேகத்தைக் குறைத்தான். “அம்புறோஸ் ஐயா தொண்டை கிழியக் கத்தினதை இந்தச் சிங்கராசா ஹோட்டல் போட எடுத்திட்டான். எடுத்தாலும் பேரை ஒழுங்கா எழுத வேண்டாமோ? இடையில ஒரு ‘ப்’பைச் செருகி வச்சிருக்கிறான்.”

“பிழையோ அது?”

“பிழையெண்டும் இல்லை. புரட்டஸ்தாந்துச் சேர்ச்சுக்காரரின்ர பழைய பைபிளில ஓப்பீர். கத்தோலிக்கக் கோயில்காரர் எங்களுக்கு ஓபீர். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலில ஒரு சங்கீதம் பாடுறது, ஓபீரின்ர பொன்னைப் போட்டுக்கொண்டு அரசி நிப்பா. வங்காலையில, பேசாலையில பால்குடிப் பிள்ளையும் ஓபீர் எண்டுதான் சொல்லும். ‘ப்’ போட்டுச் சொன்னால் எங்கட அம்மா அகப்பைக்காம்பால…”

அவன் நிறுத்தினான். ஓட்டோவும் தானாக நின்றது.

“அக்கா,” என்றான் மெல்ல. “அந்தப் பிள்ளை எப்பிடிச் சொன்னது?”

நசீறா மடியில் இருந்த கைலேஞ்சியை அவிழ்த்தாள். வெயிலில் மருந்துக் குப்பி இன்னும் சூடேறியிருந்தது. மனதில் அப்போது தட்டியது என்ன என்று இப்போது தெரிந்தது. இன்சுலினை ஐஸ் இல்லாமல் மன்னார் வெயிலில் கைப்பைக்குள் கொண்டு திரியும் நேர்ஸ் இந்த நாட்டில் இருக்க முடியாது. ஒரே மூச்சில் ஏறிய படிகள். பாதியில் நின்ற பச்சைக் கோடு.

“அவள் மகள் இல்லை, றொட்னி.”

“அப்ப போன்?”

“பறிச்சிருப்பாங்கள். ஓபீரின்ர தகப்பன் ஆர், எங்க எண்டு அவங்களால கண்டுபிடிக்க ஏலேல்லை. கண்டுபிடிக்கிற நாயைத் தேடி என்ர படியில ஏறியிருக்கிறாள்.”

றொட்னி தன்னுடைய போனைப் பார்த்தான். மன்னாரில் இருந்து அரிப்புச் சந்திவரை நீலப் புள்ளி ஒன்று அவர்களோடு கூடவே வந்திருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டான். “படம் பாக்கிற மாதிரிப் பாக்கலாம் எண்டு சொன்ன வாயை…”

“புள்ளியை நிப்பாட்டிப் போடாதை,” என்றாள் நசீறா. “நிண்டால் சந்தேகப்படுவாள். அல்லிராணிக் கோட்டைக்கு விடு.”

கடல் கடித்துத் தின்று மிச்சம் வைத்த கோட்டை அது. பாதிச் சுவர் கரையில், பாதி அலைக்குள். ஒரு சனமும் இல்லை. நசீறா இறங்கிப்போய், இடிந்த சுவர் ஒன்றின் பொந்துக்குள் றொட்னியின் போனை வைத்து, ஒரு செங்கல்லால் மூடினாள்.

“அதில என்ர கலியாண வீடியோ இருக்கு,” என்றான் றொட்னி.

“மனுசி இருக்கிறா தானே?”

“மனுசி இருக்கிறா. வீடியோவிலதான் அவ சிரிக்கிறா.”

*

ஐஸ் வாடிக்குக் கூரை இல்லை. உடைமரங்கள் உள்ளே முளைத்து, சுவரைவிட உயரமாய் நின்றன. கதவு மட்டும் புதியது. நசீறா தட்டினாள். பதில் இல்லை. காற்று தகரம் ஒன்றை அடித்து அடித்து ஓய்ந்தது.

“கஹ்தான் வீட்டுக்கு வந்திருக்கம்,” என்றாள் உரக்க.

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. வெள்ளைத் தாடி, கையில் மண்வெட்டி. “ஆர் நீங்க?”

“நசீறா. பவ்ஸான்ட தங்கச்சி.”

முனவ்வர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். கதவை முழுதாகத் திறந்தார். “அல்லாஹ்வே… உள்ள வாங்க புள்ள.”

ஐஸ் தொட்டியின் நிழலில், மடித்துப் போட்ட வலைமேல் அம்புறோஸ் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் வெறும் தண்ணீர்ப் போத்தல்கள். கண்ணைத் திறந்து நசீறாவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார், அதற்கும் பின்னால் வாசலைப் பார்த்தார். “மகள் வரேல்லையோ?”

“உங்களை ஆரும் பிடிச்சு வைக்கேல்லையோ, ஐயா?” என்றான் றொட்னி.

“என்னை ஆர் பிடிக்கிறது! நான்தான் ஒளிச்சிருக்கிறன். சிங்கராசாவின்ர ஆக்கள் கேட்டால் தெரியாதெண்டு சொல்லு, மருந்தைக் கொண்டு வா எண்டெல்லோ அந்தப் பதிவை முடிச்சனான். மகளுக்குத்தானே கஹ்தான் கதை தெரியும். ஓபீர் ஆற்ற ஊர் எண்டு முனவ்வரும் நானும் சண்டை பிடிக்கேக்க அவள்தானே தேத்தண்ணி தாறவள்.”

நசீறா மருந்துக் குப்பியை நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. “இது என்ர வீட்டுப் பிரிட்ஜில இருந்தது. நான் பூட்டிப்போட்டு வந்த வீடு.”

அதற்குப் பிறகு யாரும் விளக்கம் கேட்கத் தேவைப்படவில்லை. அம்புறோஸ் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். கல்வெட்டைப் பார்த்து, உண்மை என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லும்படி சிங்கராசா அவரைக் கூப்பிட்டிருக்கிறான். நாற்பது வருடக் கனவு. அவர் அழுதுகொண்டுதான் போனார். போய்க் கல்லைத் தடவிப் பார்த்தார்.

“பழைய எழுத்தில வெட்டியிருக்கிறாங்கள். வடிவாத்தான் வெட்டியிருக்கிறாங்கள். ஓ… ப்… பீ… ர்.” அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. “மூவாயிரம் வருசத்துக் கல்லில அச்சடிச்ச பைபிளின்ர ‘ப்’ எப்பிடி வந்தது? வெட்டினவன் புத்தகத்தைப் பாத்து வெட்டியிருக்கிறான். வாயை வச்சுக்கொண்டு சும்மா இராமல் அதை அங்கேயே சொல்லிப்போட்டன்.”

“கல்லை நட்டால் வேலி வரும்,” என்றார் முனவ்வர். “வேலி வந்தால் திரும்பி வந்து குடியிருக்கிற எங்கட சனம் எல்லாம் வேலிக்குள்ள. சேவையர் சொன்னதை நானும் பக்கத்தில நிண்டு கேட்டனான். அண்டைக்கு இரவே இவரை இங்க கொண்டு வந்திட்டன். மருந்துக்கு நான் வெளிக்கிட்டால் பின்னால வந்திருவாங்கள் எண்டு மகளை நம்பி இருந்தம்.”

நசீறா சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் மங்கிய பச்சை மையில் ‘கஹ்தான்’ என்றிருந்தது. கடைசி ‘ன்’னின் வால் தேவையில்லாமல் நீண்டு சுழித்திருந்தது. பவ்ஸான் தன்னுடைய பெயரையும் அப்படித்தான் எழுதுவான். அவள் கிட்டப் போனாள். தொடவில்லை.

“அக்கா,” என்றான் றொட்னி. “ஐயாவின்ர கண் செருகுது.”

அம்புறோசைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். தலையை நசீறா மடியில் வாங்கினாள். கால்கள் வெளியே நீட்டின. முனவ்வருக்கு இடம் இல்லை. றொட்னியின் பக்கத்துக் கம்பியில் தொத்திக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

“நீங்க போங்க புள்ள. இவர் இருந்த அடையாளத்தை எடுக்கோணும். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லோணும்.” கதவைப் பிடித்தபடி சொன்னார். “நான் பூட்டிட்டு வாறன்.”

நசீறாவின் வாய் திறந்தது. அம்புறோசின் மூச்சு மடியில் திக்கியது. ஓட்டோ ஓடத் தொடங்கிவிட்டது.

*

வயல் வரம்புப் பாதையால் சுற்றி, பெரிய றோட்டைத் தொடாமல் முருங்கனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆசுப்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஓடி வந்தவள் கண்ணாடி போட்ட, கொஞ்சம் தடித்த பெண். தகப்பனுடைய கையைப் பிடித்ததும் முதலில் நாடியைத்தான் பார்த்தாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

“சுவேதினியோ?” என்றாள் நசீறா.

“ஓம். முந்தநாள் பஸ் ஸ்டாண்டில என்ர போனைப் பறிச்சிட்டாங்கள். ஆசுப்பத்திரி வாட் போனில இருந்து அப்பாவுக்கு எடுத்து எடுத்துப் பாத்தனான்.” நசீறாவின் கையில் இருந்த மருந்துக் குப்பியைத் தொட்டவள் சுட்டதுபோலக் கையை எடுத்தாள். “ஆர் இதை இப்பிடி வெயிலுக்குள்ள கொண்டு திரிஞ்சது? இனி இது வெறும் தண்ணி!”

றொட்னி நசீறாவைப் பார்த்தான். “இவதான் மகள்,” என்றான். “சந்தேகமே இல்லை.”

உள்ளே மருந்து ஏறியது. கொஞ்ச நேரத்தில் அம்புறோஸ் தண்ணீர் கேட்டார். நசீறா வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். உயிர் ஒன்று மிஞ்சிய பின்னேரம். ஆனால் நெஞ்சுக்குள் அந்தக் கதவுதான் நின்றது. முனவ்வர் நானா பூட்டியிருப்பாரா, வெளிக்கிட்டிருப்பாரா. போனை எடுத்தாள். அதே நேரத்தில் அது அடித்தது. ஐஸ் வாடி வாசலில் இலக்கம் மாற்றிக்கொண்டபோது பதிந்த, முனவ்வரின் இலக்கம்தான்.

“நானா, எங்க நிக்கிறீங்க?”

“நானா பக்கத்தில நிக்கிறார், அக்கா,” என்றது அந்தக் குரல். கந்தோரில் கேட்ட அதே பணிவு. “கோட்டையில செங்கல்லுக்குக் கீழ போன். நல்ல பகிடி. ஆனா போனைத்தானே ஒளிச்சியள்? சிரிக்கிற கழுதை எந்தப் பக்கம் போனது எண்டு கேட்டால் ஆடு மேய்க்கிறவனும் கை காட்டுறான்.”

றொட்னி திரும்பித் தன்னுடைய ஓட்டோவைப் பார்த்தான்.

“இங்க சுவரில கஹ்தான் எண்டு எழுதியிருக்கு. ஓப்பீரின்ட தகப்பன் இவர்தானோ?” அவள் மெல்லச் சிரித்தாள். “சேவையரைக் கொண்டு வாங்கோ. இவரைக் கொண்டு போங்கோ. பொழுது படமுந்தி.”

“அவரோட கதைக்கோணும்.”

உரசும் சத்தம். பிறகு முனவ்வரின் குரல், எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல. “புள்ள, திரும்பி வராதீங்க. நான் பூட்டிட்ட…”

தொடர்பு அறுந்தது.

நசீறா போனை மடியில் வைத்தாள். உழவு இயந்திரப் பெட்டியின் இரும்பு மணம் அவளுடைய மூக்கில் ஏறியது. பெட்டியில் எத்தனை பெரிய மனிதர்கள் இருந்தார்கள். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழும்பி உள்ளே போனாள். அம்புறோசின் கட்டிலருகே குனிந்தாள். “ஐயா, உங்களை அவங்கள் தேடுறது நீங்கள் ஒரு கதையைச் சொல்லிப்போடுவியள் எண்டு. சொல்லி முடிஞ்ச கதைக்கு ஆள் தேவையில்லை. கல்லில இருக்கிற ‘ப்’பைப் பற்றி இப்பவே சொல்லுங்கோ. ஆர் வெட்டுவிச்சது, ஆர் உங்கட வீட்டை உடைச்சது, முனவ்வர் நானா இப்ப ஆற்ற கையில, எல்லாம். என்ர போனில. கோயில், பள்ளிவாசல், பேசாலை, முசலி, எல்லாருக்கும் போகட்டும்.”

அம்புறோஸ் மகளைப் பார்த்தார். நாற்பது வருடமாகச் சொல்லித் திரிந்த கதையின்மேல் தானே மண்ணைப் போட வேண்டும். ஊர் இனி ஓபீர் என்றாலே சிரிக்கும்.

“ஓபீர் இந்தக் கரைதான்,” என்றார் மெல்ல. “இப்பவும் சொல்லுவன். ஆனா அதைச் சொல்ல முனவ்வர் எதிரில இருக்கோணும். அவன் இல்லாமல் நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?” கையை நீட்டினார். “தாங்கோ போனை.”

அவர் பேசத் தொடங்கியதும் சுவேதினி வாட் தொலைபேசியில் பொலிசைக் கூப்பிட்டாள். அம்புறோஸ் பேசி முடித்த பதிவு போய்ச் சேரவேண்டிய இடங்களுக்கெல்லாம் போனதைப் பார்த்துவிட்டு நசீறா வெளியே வந்தாள்.

றொட்னி ஓட்டோவின் பின்னால் குந்தியிருந்தான். வடிகானில் இருந்து சேறு அள்ளி, கழுதையின் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தான். பாதிச் சிரிப்பு மறைந்துவிட்டது.

“கழுதை வரமாட்டுதாம், அக்கா,” என்றான். “நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம்.”

நசீறா முந்தானையை இழுத்துச் சொருகினாள். தண்ணீர்க் குழாயடியில் இருந்த வாளியைத் தூக்கி வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

“கழுவு,” என்றாள். “திரும்பி வாறம் எண்டு நானாவுக்குத் தூரத்தில இருந்தே தெரியட்டும்.”